பிளஸ் 1 ஆங்கில வகுப்புக்கு ஐடா வெல்ஸ் வரட்டும்

பிளஸ் 1 பொதுத்தேர்வு இனி இல்லை என்று 2025 ஆகஸ்ட்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அறிவித்துவிட்டது. 2017-18 கல்வியாண்டில் வந்த தேர்வு அது. பல தனியார் பள்ளிகள் பிளஸ் 1 பாடத்தைத் தொடாமல் இரண்டு ஆண்டும் பிளஸ் 2 பாடத்தையே உருப்போட வைத்துக்கொண்டிருந்தன. அதைத் தடுக்கத்தான் அந்தத் தேர்வு கொண்டுவரப்பட்டது. தேர்வு போனதும் பழைய வழக்கம் திரும்பிவிடுமோ என்று கல்வியாளர்கள் கவலைப்படுகிறார்கள். நியாயமான கவலைதான். அந்த ஓராண்டை எதைக் கொண்டு நிரப்பலாம் என்பதையும் நாம் சேர்த்தே சொல்லியாக வேண்டும். என் யோசனை இது: பிளஸ் 1 ஆங்கில வகுப்பில் மாணவர்கள் ஒரு பத்திரிகையாளரின் சுயசரிதையை ஆசிரியரோடு சேர்ந்து ஆற அமரப் படிக்க வேண்டும். நான் முன்வைக்கும் புத்தகம், அமெரிக்கக் கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ் எழுதிய ‘க்ரூசேட் ஃபார் ஜஸ்டிஸ்’.

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆங்கில ஆசிரியையாக இருக்கிறேன். என் மாணவிகளில் பெரும்பாலோர் தமிழ் வழியில் படித்து வந்தவர்கள். கழனி வேலை, செங்கல் சூளை, பட்டுத் தறி இவைதான் அவர்கள் வீட்டு வருமானம். சிறப்பு வகுப்பு இல்லாத மாலைகளில் இந்தப் புத்தகத்தின் சில அத்தியாயங்களை அவர்களோடு உட்கார்ந்து படித்துவருகிறேன். அதில் கண்டதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

கட்டுரைகள் உண்டு, தொழில் இல்லை

2018-லும் 2019-லும் வந்த மேல்நிலை ஆங்கிலப் பாடநூல்கள் நல்ல நூல்கள். பிளஸ் 1-ல் குஷ்வந்த் சிங் தன் பாட்டியைப் பற்றி எழுதியது இருக்கிறது. ராபர்ட் லிண்ட் மறதியைப் பற்றி எழுதியது இருக்கிறது. பிளஸ் 2-வில் ஜார்ஜ் ஆர்வெல் தேநீர் போடும் முறையைச் சொல்கிறார், ஏ.ஜி.கார்டினர் சாலை விதியை வைத்துச் சுதந்திரத்தின் எல்லையைப் பேசுகிறார். நால்வரும் பத்திரிகையில் எழுதியவர்கள். குஷ்வந்த் சிங் ‘இல்லஸ்ட்ரேட்டட் வீக்லி ஆஃப் இந்தியா’வின் ஆசிரியர். கார்டினர் லண்டன் ‘டெய்லி நியூஸ்’ நாளிதழின் ஆசிரியர். லிண்ட் ‘நியூ ஸ்டேட்ஸ்மன்’ இதழில் நெடுங்காலம் எழுதியவர். ஆர்வெலின் தேநீர்க் கட்டுரை 1946 ஜனவரியில் ‘ஈவினிங் ஸ்டாண்டர்ட்’ நாளிதழில் வந்தது.

ஆனால் பாட்டி, மறதி, தேநீர், சாலை என்று நாம் நடத்துவதெல்லாம் பத்திரிகையின் ஓய்வு நேரப் பக்கங்கள். நடந்தது என்ன என்று தேடிப் போவது, கேட்டதைச் சரிபார்ப்பது, தன் பெயரில் எழுதுவது, எழுதியதன் விளைவைத் தாங்குவது ஆகிய நான்கும் சேர்ந்ததுதான் அந்தத் தொழில். அது பாடநூலில் எங்குமே இல்லை. நால்வரின் வாழ்க்கையும் ‘ஆசிரியர் குறிப்பு’ என்று சில வரிகளில் முடிந்துவிடுகிறது.

ஒரு வாழ்க்கையைப் படிக்கப் பிள்ளைகளுக்கு எவ்வளவு ஆசை என்பதற்கு அதே பிளஸ் 1 நூலில் சாட்சி இருக்கிறது. மேரி கோம் தன் சுயசரிதையில் எழுதிய பகுதி இரண்டாம் பாடமாக வருகிறது. நான் நடத்துவதற்கு முன்பே என் மாணவிகள் தாங்களாகப் படித்துவிட்டு வரும் பாடம் அது ஒன்றுதான். அந்த ஆசையைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஓர் எட்டு முன்னே போகலாம்.

குடும்பத் தலைவியான பதினாறு வயதுப் பெண்

ஐடா வெல்ஸ் 1862 ஜூலை 16 அன்று மிசிசிப்பி மாநிலத்தின் ஹாலி ஸ்பிரிங்ஸ் ஊரில் பிறந்தார். அப்போது அவருடைய பெற்றோர் அடிமைகள். உள்நாட்டுப் போர் முடிந்து விடுதலை கிடைத்ததும் அப்பா பழைய எஜமானரிடமே கூலிக்குத் தச்சு வேலை பார்த்தார். தேர்தலில் எஜமானர் சொன்னபடி வாக்களிக்க மறுத்துவிட்டுத் திரும்பினால் பட்டறை பூட்டிக் கிடந்தது. யாரிடமும் ஒரு சொல் சொல்லாமல் புதிதாகக் கருவிகள் வாங்கி, வேறு வீடு பார்த்துக் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். பிள்ளைகள் போன பள்ளிக்கே அம்மாவும் போய், விவிலியம் படிக்கும் அளவுக்கு எழுத்துக் கற்றுக்கொண்டார். அப்பாவின் நண்பர்கள் கூடும்போது செய்தித்தாளை உரக்கப் படித்துக்காட்டுவது சிறுமி ஐடாவின் வேலை.

இந்த இடம் வந்ததும், வகுப்பில் அதிகம் பேசாத ஒரு பெண் எழுந்து, “நானும் எங்க தாத்தாவுக்கு டெய்லி பேப்பர் படிச்சுக் காட்டுவேன் மிஸ்” என்றாள். அதற்குப் பிறகு அந்தப் புத்தகம் அவளுக்கு வெளிநாட்டுப் புத்தகமாக இருக்கவில்லை.

1878-ல் மஞ்சள் காய்ச்சல் பரவி, ஐடாவின் பெற்றோரும் கைக்குழந்தையான தம்பியும் இறந்துபோனார்கள். அப்போது அவர் பாட்டியின் ஊரில் இருந்தார். பயணிகள் ரயில் நின்றுவிட்டதால் சரக்கு ரயிலில் ஏறி வீட்டுக்குக் கிளம்பினார். அதே காய்ச்சலில் இறந்த ரயில்வே ஊழியர்களுக்காகப் பெட்டியில் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். போகாதே என்று கண்டக்டர் தடுக்கிறார். அப்படியானால் நீங்கள் ஏன் ரயிலை ஓட்டுகிறீர்கள் என்று ஐடா கேட்கிறார். யாராவது ஓட்டித்தானே ஆக வேண்டும் என்கிறார் அவர். நானும் அதற்காகத்தான் போகிறேன் என்கிறார் ஐடா.

வீட்டில் மிஞ்சிய தம்பி தங்கைகளை ஆளுக்கொரு வீடாகப் பிரித்து அனுப்பப் பெரியவர்கள் பேசி முடிக்கிறார்கள். முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு நடக்க முடியாமல் கிடந்த தங்கையை எடுத்துக்கொள்ள மட்டும் ஆள் இல்லை. யாரையும் பிரிக்க வேண்டாம், நானே வளர்க்கிறேன் என்று ஐடா சொல்கிறார். ஆசிரியர் தேர்வு எழுதி, பாவாடையின் நீளத்தைக் கூட்டித் தைத்து, வயது தெரியாமல் ஒரு கிராமப் பள்ளிக்கு வேலைக்குப் போகிறார். வாரம் முழுக்க அங்கே தங்கிப் பாடம் நடத்திவிட்டு, வெள்ளிக்கிழமை கோவேறு கழுதை மேல் ஏறி வீடு வந்து, துணி துவைத்துச் சமைத்து வைத்துவிட்டுத் திரும்புவார்.

பிறகு மெம்ஃபிஸ் நகரத்துப் பள்ளி. பிறகு ரயில் வழக்கு: பெண்கள் பெட்டிக்குப் பயணச்சீட்டு வாங்கியிருந்தவரை மூன்று பேர் சேர்ந்து இழுத்து இறக்கினார்கள். ரயில்வே மீது வழக்குப் போட்டு 1884-ல் 500 டாலர் இழப்பீட்டுத் தீர்ப்பு வாங்கினார். 1887-ல் டென்னசி உச்ச நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. 1889-ல் ‘ஃப்ரீ ஸ்பீச்’ என்ற வார இதழில் பங்குதாரரானார். கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டடங்கள் எவ்வளவு மோசம் என்று அதில் எழுதியதற்காக 1891-ல் அவருடைய ஆசிரியர் வேலை பறிபோனது. ஆசிரியர் அறையில் இதைச் சொன்னபோது நாங்கள் எல்லோருமே சற்று நேரம் பேசவில்லை.

‘ஃப்ரீ ஸ்பீச்’ இளஞ்சிவப்புக் காகிதத்தில் அச்சானது. படிக்கத் தெரியாதவர்களும் அந்த இதழைக் கேட்டு வாங்கினார்கள். வேறு பத்திரிகையைக் கொடுத்து அவர்களை ஏமாற்றுகிறார்கள் என்று தெரிந்ததும், பார்த்தவுடன் அடையாளம் தெரியட்டும் என்று காகிதத்தின் நிறத்தை மாற்றினார் ஐடா. எழுத்தறியாதவரையும் வாசகராக மதித்த ஒரு பத்திரிகையாளரைப் பற்றித் தெரிந்துகொள்ள, எழுத்தறியாத பெற்றோரின் பிள்ளைகளைவிடத் தகுதியானவர் யார்?

நம்பியிருந்தது உடைந்த இடம்

புத்தகத்தின் உயிர் 1892 மார்ச்சில் இருக்கிறது. மெம்ஃபிஸில் ட்ராம் தண்டவாளம் வளையும் ‘கர்வ்’ என்ற பகுதியில் டாமஸ் மாஸ், கால்வின் மெக்டவல், வில் ஸ்டூவர்ட் என்ற மூன்று கறுப்பினத்தவர் ‘பீப்பிள்ஸ் க்ரோசரி’ என்ற மளிகைக் கடை நடத்தினார்கள். எதிரே ஒரு வெள்ளையரின் கடை. வியாபாரம் இடம் மாறியதும் பகை வளர்ந்தது. சண்டை, துப்பாக்கிச் சூடு, கைது என்று போனது. மார்ச் 9-ஆம் தேதி அதிகாலை ஒரு கும்பல் மூவரையும் சிறையிலிருந்து வெளியே இழுத்துக்கொண்டு போய்ச் சுட்டுக் கொன்றது. ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை.

வெள்ளையர் பத்திரிகைகள் அந்தக் கடையைக் குடிக்கும் சூதுக்குமான கூடாரம் என்று எழுதின. ஐடாவுக்கோ டாமஸ் மாஸைத் தெரியும். அவர் பகலில் தபால்காரர். ‘ஃப்ரீ ஸ்பீச்’ அலுவலகத்துக்குக் கடிதம் கொண்டுவருபவரே அவர்தான். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவர். அவருடைய மகளுக்கு ஐடாதான் ஞானத்தாய்.

அதுவரை ஐடாவும், கும்பல் கொலைகளைப் பற்றிப் பத்திரிகைகள் சொன்ன காரணத்தை ஏறக்குறைய நம்பிவந்தார். கொல்லப்பட்டவன் ஒரு பெண்ணை வன்கொடுமை செய்திருப்பான், ஆத்திரத்தில் கூட்டம் அப்படிச் செய்துவிட்டது என்பதுதான் அந்தக் காரணம். மூன்று நண்பர்களின் சாவு அந்த நம்பிக்கையை உடைத்தது. இவர்கள் மீது அப்படி ஒரு குற்றச்சாட்டே கிடையாது. இவர்கள் செய்தது வியாபாரம். அப்படியானால் மற்றவர்கள்? இந்த ஒரு கேள்வியோடு ஐடா புறப்பட்டார். சம்பவம் நடந்த ஊர்களுக்குப் போனார், விசாரித்தார், வெள்ளையர் பத்திரிகைகள் அச்சிட்ட கணக்கையே எடுத்துக் கூட்டினார். எட்டு ஆண்டுகளில் கும்பல்களிடம் பலியான 728 பேரில் மூன்றில் ஒரு பங்கினர் மீதுதான் வன்கொடுமைக் குற்றச்சாட்டாவது இருந்தது என்று 1892-ல் வெளியிட்ட ‘சதர்ன் ஹாரர்ஸ்’ சிறுநூலில் காட்டினார். 1895-ல் வந்த ‘தி ரெட் ரெக்கார்ட்’ நூலுக்கு ‘சிகாகோ ட்ரிப்யூன்’ ஆண்டுதோறும் தொகுத்து வெளியிட்ட பட்டியலை அடிப்படையாக்கினார். கறுப்பினத்தவர் சொன்னதை மிகை என்று ஒதுக்குவார்கள். தங்கள் பத்திரிகை எண்ணிச் சொன்னதை எப்படி ஒதுக்குவார்கள்?

அதற்குள் அவர் விலை கொடுத்துவிட்டிருந்தார். 1892 மே மாதம் அவர் எழுதிய ஒரு தலையங்கத்துக்காக ‘ஃப்ரீ ஸ்பீச்’ அலுவலகத்தை ஒரு கூட்டம் அடித்து நொறுக்கியது. அப்போது வெளியூரில் இருந்ததால் பிழைத்தார். ஊருக்குத் திரும்பினால் கொல்வோம் என்று மிரட்டல் வந்ததால் நியூயார்க்கில் இருந்து எழுதத் தொடங்கினார்.

பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு ஆங்கில வகுப்பு கற்றுத்தர வேண்டிய பெரிய பாடம் இந்த இடத்தில் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். எல்லோரும் சொல்கிறார்கள் என்பதால் நம்பியிருந்த ஒன்றைத் தான் நேரில் அறிந்த ஒன்றோடு உரசிப் பார்த்து, ‘இது உனக்கு எப்படித் தெரியும்?’ என்று ஒரு பெண் கேட்கத் தொடங்குகிறாள். என் மாணவிகளின் கைபேசிக்கு நாள் முழுக்கச் செய்தி வருகிறது. யார் சொன்னது, எதைப் பார்த்துச் சொன்னது என்று கேட்க அவர்களுக்கு எந்தப் பாடமும் சொல்லித்தரவில்லை. மருத்துவமனை, திருமணம், சாதிச் சண்டை, வேலைவாய்ப்பு என்று எல்லாவற்றிலும் அவர்கள் வாழ்க்கையை அந்தச் செய்திகள் தொட்டுக்கொண்டிருக்கின்றன.

வகுப்பில் நடப்பது

சுயசரிதையை எப்படி நடத்துவது என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். மொழிப் பாடமாகவே நடத்தலாம். இலக்கணமும் அதிலேயே வரும்.

ஆக்டிவ் வாய்ஸ், பாஸிவ் வாய்ஸை எடுத்துக்கொள்வோம். ‘ராணி கடிதம் எழுதினாள்’, ‘கடிதம் ராணியால் எழுதப்பட்டது’ என்று மாற்றிப் போட்டு இரண்டு மதிப்பெண் வாங்குவதோடு அது முடிந்துவிடுகிறது. மெம்ஃபிஸ் கொலையை ஐடா சொல்லும் பக்கத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வாக்கியத்திலும் செயலைச் செய்தவர் யார் என்று அடிக்கோடு போடச் சொல்வேன். அந்தக் காலத்துப் பிரேத விசாரணைத் தீர்ப்புகளில், அடையாளம் தெரியாத நபர்களால் கொல்லப்பட்டார் என்றே திரும்பத் திரும்ப எழுதி முடித்தார்கள் என்பதையும் சொல்வேன். கொன்றவர்களை ஊரே பார்த்திருந்தாலும் அப்படித்தான் எழுதினார்கள். செய்தவர் மறைந்துகொள்ள இலக்கணம் இடம் கொடுக்கும் என்று தெரிந்த பிறகு, பாஸிவ் வாய்ஸை எந்தப் பெண்ணும் மறக்கவில்லை.

நேர்க்கூற்று, அயற்கூற்றுக்கு இன்னோர் இடம். மூவரின் கொலைக்குப் பிறகு மெம்ஃபிஸின் கறுப்பினத்தவர் ட்ராமில் ஏறுவதை நிறுத்திக்கொண்டார்கள். ஆயிரக்கணக்கானோர் ஓக்லஹாமாவுக்குக் குடிபெயரத் தொடங்கினார்கள். வருமானம் விழுந்ததும் ட்ராம் நிறுவனத்தின் அதிகாரிகள் ‘ஃப்ரீ ஸ்பீச்’ அலுவலகத்துக்கே வந்து, மக்களை மீண்டும் ஏறச் சொல்லுங்கள் என்று கேட்கிறார்கள். ஐடா அவர்களிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டு, அந்த உரையாடலையே அடுத்த இதழில் வெளியிட்டுவிடுகிறார். இதை நாடகமாகப் படிக்க வைக்கிறேன். அதிகாரியாக இருவர், ஐடாவாக ஒருத்தி. பிறகு அதை அயற்கூற்றில் செய்தியாக எழுத வேண்டும். ஆங்கிலத்தில் கேள்வி கேட்கக் கூசும் பிள்ளைகள் ஐடாவாக நின்றால் நிமிர்ந்து கேட்கிறார்கள்.

அதே அத்தியாயங்களில் இன்னொன்றும் உண்டு. ஓக்லஹாமா போனவர்கள் பட்டினி கிடக்கிறார்கள் என்று வெள்ளையர் பத்திரிகைகள் எழுதின. ஐடா மறுத்து எழுதிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. தானே அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதினார். நாங்களும் இதைச் செய்துபார்க்கிறோம். ஒரே சம்பவத்தைப் பற்றி இரண்டு தமிழ் நாளிதழ்கள் வெளியிட்ட செய்தியைப் பிள்ளைகள் டீக்கடையிலிருந்தும் சலூனிலிருந்தும் வாங்கிக்கொண்டு வருவார்கள். பக்கத்தில் வைத்து, எது காவல் துறை சொன்னது, எது பார்த்தவர் சொன்னது, எது யார் சொன்னது என்றே இல்லாமல் இருப்பது என மூன்று நிறத்தில் கோடு போடுவார்கள். அதை ஐந்து வாக்கியத்தில் ஆங்கிலத்தில் எழுதுவார்கள். ‘மெல்லக் கற்போர்’ பட்டியலில் இருந்த பிள்ளைகளும் இதை எழுதியிருக்கிறார்கள். சொல்வதற்குத் தங்களிடம் ஒன்று இருக்கும்போது வாக்கியம் பிழையோடாவது வந்துவிடுகிறது. பிழையை நான் திருத்திக்கொள்வேன்.

ஐடாவையும் சந்தேகிக்கலாம்

சுயசரிதை ஒருபக்கச் சாட்சியம்தானே, அதை எப்படிப் பாடமாக வைப்பது என்ற கேள்வி வரும். அதனாலேயே வைக்க வேண்டும் என்பேன். அறுபதுகளின் நடுவில், 1928-ல், ஐடா இதை எழுதத் தொடங்கினார். நாற்பது ஐம்பது ஆண்டு நினைவு அது. ‘ஃப்ரீ ஸ்பீச்’ இதழ்கள் நமக்குக் கிடைக்காமலே போய்விட்டன. ஆனால் இருபதுகளில், 1885 முதல் 1887 வரை, அவர் எழுதிய நாட்குறிப்பு பிழைத்து, 1995-ல் நூலாக வந்திருக்கிறது. ரயில் வழக்குத் தோல்வியைப் பற்றி அந்த வாரத்திலேயே எழுதியதும் அதில் இருக்கிறது. வயதான பிறகு நினைத்து எழுதியது சுயசரிதையில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், ஒரே ஆள் ஒரே சம்பவத்தை இரண்டு வயதில் எப்படிச் சொல்கிறார், எதை விடுகிறார், எதை அழுத்துகிறார் என்று பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிப்பார்கள். பத்திரிகையாளரின் சுயசரிதையை மற்றத் தலைவர்களின் வாழ்க்கை வரலாற்றிலிருந்து பிரித்து நான் கேட்பதன் காரணமும் இதுதான். உலகத்தைச் சரிபார்த்தவர் தன்னைப் பற்றி எழுதும்போது, அவர் கற்றுக்கொடுத்த கேள்விகளாலேயே அவரையும் சரிபார்க்கலாம். அப்படிச் சரிபார்ப்பது அவருக்குச் செய்யும் மரியாதை.

மொழி கடினம் என்பார்கள். சுயசரிதையின் ஆங்கிலம் நேரானது. நம் பாடநூலில் உள்ள லிண்டின் கட்டுரையைவிட எளிது. முழு நூலும் ஓராண்டில் முடியாது, முடியவும் தேவையில்லை. பிறப்பு, காய்ச்சல், முதல் பள்ளி, ‘ஐயோலா’ என்ற புனைபெயரில் எழுதத் தொடங்கியது, கர்வ் கொலை, மெம்ஃபிஸை விட்டுப் போனது ஆகிய அத்தியாயங்கள் போதும்.

வன்முறையைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். அவர் கேட்டது சரி. உடல்களுக்குச் செய்த கொடுமையை விவரிக்கும் பக்கங்களை நான் வகுப்பில் படிப்பதில்லை. அந்தக் காலத்துப் புகைப்படங்களைக் காட்டுவதே இல்லை. கொல்லப்பட்டவர்களின் பெயர், தொழில், குடும்பம் ஆகியவற்றைப் படிக்கிறோம். சாதியின் பெயரால் நடக்கும் கொலைகளைத் தம் ஊரிலேயே கேள்விப்படும் பிள்ளைகளுக்கு, அதைப் பற்றி ஒரு பெண் எப்படிப் பயந்துகொண்டே ஆதாரம் திரட்டினாள் என்று தெரிவது தைரியம் தரும்.

நம்மோடு ஒரு தொடர்பு

அமெரிக்காவின் கதை நமக்கு எதற்கு என்பவர்களுக்கு ஒரு செய்தி. 1893-ல் ஐடாவை முதன்முதலாகப் பிரிட்டனுக்குப் பேச அழைத்தவர்களில் ஒருவர் கேத்தரின் இம்பி. இங்கிலாந்தின் சோமர்செட் பகுதியில் ஸ்ட்ரீட் என்ற ஊரில் இருந்துகொண்டு 1888 முதல் அவர் நடத்திய இதழின் பெயர் ‘ஆன்ட்டி காஸ்ட்’. நிறவெறியையும் பிறப்பின் பெயரால் மனிதரைப் பிரிக்கும் சாதியாகவே அவர் பார்த்தார். அந்த இம்பியைப் பற்றி ஐடா சுயசரிதையில் விரிவாகவே எழுதியிருக்கிறார்.

அதே 1893-ல் சென்னையில் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ என்ற இதழைத் தொடங்கினார். பின்னாளில் அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாட்டில் அமர்ந்தவர். 1939-ல் ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ என்று தன் வாழ்க்கையைத் தமிழில் எழுதினார். கோவையில் படித்த நாட்களில் தன் சாதி தெரிந்துவிடுமோ என்று சக மாணவர்களோடு கலந்து பழக அஞ்சியதை அதில் சொல்கிறார். ஐடாவுக்கும் அவருக்கும் அறிமுகம் கிடையாது. ஆனால் தம் மக்களைப் பற்றி மற்றவர்கள் எழுதிக்கொண்டிருந்ததைத் தாங்களே எழுத, இருவரும் ஒரே காலத்தில் பத்திரிகையைக் கையில் எடுத்தார்கள். இருவரும் முதுமையில் சுயசரிதை எழுதினார்கள். பிளஸ் 1 தமிழ் ஆசிரியரும் ஆங்கில ஆசிரியரும் சேர்ந்து இரண்டையும் ஒரே பருவத்தில் நடத்தினால், பிள்ளைகளுக்கு இரண்டு மொழியும் ஒரே வேலையைச் செய்வது புரியும். எங்கள் பள்ளியில் தமிழாசிரியை இதற்கு ஒப்புக்கொண்டிருக்கிறார்.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் பிளஸ் 1 ஆங்கிலத்தில் ‘முழு நூல் வாசிப்பு’ என்று ஒரு பகுதியை ஏற்படுத்த வேண்டும். புத்தகப் பட்டியலில் ஐடா வெல்ஸ் முதலில் இருக்கட்டும்; குஷ்வந்த் சிங்கின் சுயசரிதையும் இருக்கட்டும்.

இரண்டாவதாக, நூலகத்துக்குப் பிரதிகள் வேண்டும். சுயசரிதையின் இரண்டாம் பதிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பகம் 2020-ல் வெளியிட்டிருக்கிறது. ‘சதர்ன் ஹாரர்ஸ்’, ‘தி ரெட் ரெக்கார்ட்’ இரண்டும் பதிப்புரிமை கடந்தவை. குடன்பெர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பள்ளியின் ஹைடெக் ஆய்வகத்தில் இன்றே அச்செடுக்கலாம்.

மூன்றாவதாக, அகமதிப்பீட்டுக்கு உள்ள 10 மதிப்பெண்ணில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்க வேண்டும். எழுத்துத் தேர்வு வேண்டாம். புத்தகத்தைப் பார்த்து மாணவர் தானாக எழுப்பிய கேள்விகளுக்கும், அவற்றுக்கு விடை தேடிய வழிக்கும் மதிப்பெண் கொடுங்கள். இதற்கு ‘மினிமம் மெட்டீரியல்’ போட முடியாது. நோட்ஸ் விற்க முடியாது.

நான்காவதாக, ஆசிரியர்களுக்குப் பயிற்சி வேண்டும். உள்ளூர்ச் செய்தியாளர் ஒருவரை வகுப்புக்கு அழைத்துவந்து, ஒரு செய்தியை அவர் எப்படி உறுதிப்படுத்துகிறார் என்று பிள்ளைகள் அவரிடமே கேட்கட்டும். மாவட்டத்துக்கு மாவட்டம் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அழைத்தால் வருவார்கள்.

ஐடா இந்தப் புத்தகத்தை எழுத வந்த காரணத்தை முன்னுரையில் சொல்லியிருக்கிறார். ஒரு கூட்டத்தில், ஜோன் ஆஃப் ஆர்க்கை நினைவூட்டும் ஒருவர் பெயரைச் சொல்லச் சொன்னபோது ஓர் இளம்பெண் ஐடாவின் பெயரைச் சொன்னாள். ஏன் என்று கேட்டதற்கு அவளால் பதில் சொல்ல முடியவில்லை. பெயர் தெரிந்திருந்தது, செயல் தெரியவில்லை. பிறகு அவளே ஐடாவிடம் வந்து கேட்டாள். அந்தத் தலைமுறைக்காகத்தான் ஐடா எழுத உட்கார்ந்தார். நூல் முடியும் முன்பே, 1931 மார்ச் 25 அன்று இறந்துபோனார். மகள் ஆல்ஃபிரிடா டஸ்டர் பல ஆண்டுகள் பதிப்பாளரைத் தேடி அலைந்து 1970-ல் அதை நூலாக்கினார். புலிட்சர் விருதுக் குழு 2020-ல்தான் அவருக்குச் சிறப்பு அங்கீகாரம் அளித்தது.

அந்த இளம்பெண்ணின் நிலையில்தான் நம் பிள்ளைகளையும் வைத்திருக்கிறோம். ஆசிரியர் பெயர், பிறந்த ஆண்டு, வாங்கிய விருது எல்லாம் அவர்களுக்குத் தெரியும். ஒரு மதிப்பெண் கேள்விக்குச் சரியான எழுத்தைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த மனிதர் என்ன செய்தார், அது உண்மை என்று நமக்கு எப்படித் தெரியும் என்று கேட்க அவர்களுக்கு இதுவரை நேரம் கொடுக்கவில்லை. பொதுத்தேர்வு விலகியதில் இப்போது நேரம் கிடைத்திருக்கிறது. அதைப் பிளஸ் 2 பாடத்துக்குத் தாரை வார்த்துவிடாமல், கேள்வி கேட்கக் கற்றுத்தரும் ஒரு புத்தகத்துக்குக் கொடுக்க வேண்டும். வரும் கல்வியாண்டுக்குள் அரசு இதைச் செய்ய முடியும்.